மரை ஏறினால் போதுமா?



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று நம் பேரவைச் செயலாளர் கேட்டபோது முதலில் மறுத்துவிட்டேன். கவிதை எழுத நம் கல்லூரியில் ஆளா இல்லை? அம்மாவைப் பற்றி நாலு பேர், நிலாவைப் பற்றி ஆறு பேர் ஏற்கெனவே கொடுத்துவிட்டதாகக் கேள்வி. எனக்குத் தெரிந்தது ஸ்பானரும் கிரீஸும்தான். ஆகவே நான் பிரேக்கைப் பற்றி எழுதுகிறேன். படித்துவிட்டுச் சிரித்தாலும் சரி, திட்டினாலும் சரி, முழுசாகப் படித்துவிடுங்கள். இது என் சொந்தத் தப்பைப் பற்றிய கட்டுரை.

ஒரு வருஷத்து மாடலின் பிரேக்கை இன்னொரு வருஷத்து மாடலில் மாட்டலாமா? இதுதான் கேள்வி. நம்மில் பாதிப் பேர் “மாட்டினால் என்ன, மரை ஏறினால் போச்சு” என்போம். மீதிப் பேர் “கூடவே கூடாது, கம்பெனி கொடுத்ததுதான்” என்போம். இரண்டுமே தவறு என்பது என் தாழ்மையான கருத்து.

நடந்தது இதுதான்

எங்கள் ஊர் அடி அண்ணாமலை. கிரிவலப் பாதையிலேயே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பட்டறையில் வேலை செய்கிறேன். பட்டறை அண்ணன் ஏழாவது வரை படித்தவர். வண்டி பட்டறைக்குள் நுழையும் சத்தத்தை வைத்தே எந்த பேரிங் போயிற்று என்று சொல்லிவிடுவார்.

எங்கள் தெருவில் பால் ஊற்றும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். அவரிடம் ஒரு பழைய புல்லட். கியர் வலது காலில், பிரேக் இடது காலில் இருக்கும் அந்தக் காலத்து வண்டி. இரண்டு பக்கமும் பால் கேன் கட்டிக்கொண்டு விடியற்காலையில் கிளம்பிவிடுவார். முன் டிரம் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை, புது மாடலில் வருகிற டிஸ்க்கை மாட்டித் தர முடியுமா என்று கேட்டார். பழைய இரும்புக் கடையில் டிஸ்க் மாடலின் முன்பக்கம் செட்டாகக் கிடைத்தது. ஃபோர்க், வீல், டிஸ்க், கேலிப்பர் எல்லாம் ஒரே வண்டியினுடையது. கைப்பிடியில் வரும் மாஸ்டர் சிலிண்டரும் ஹோஸும் மட்டும் கிடைக்கவில்லை. மாஸ்டர் சிலிண்டர் ஒரு வண்டியிலிருந்து வந்தது. ஹோஸும் அதன் போல்ட்டும் இன்னொரு வண்டியிலிருந்து வந்தன.

அன்று அண்ணன் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். நான்தான் மாட்டினேன். ஹோஸ் போல்ட்டை கேலிப்பரில் வைத்துத் திருகினேன். கையால் இரண்டு சுற்று ஏறியது. அப்புறம் இறுகியது. கொஞ்சம் அழுக்கு இருக்கும் என்று நினைத்து ஸ்பானர் போட்டு இழுத்தேன். ஏறிவிட்டது! காற்றை எடுத்தேன். லீவரைப் பிடித்தால் கல் மாதிரி நின்றது. பட்டறை வாசலில் ஓட்டிப் பார்த்தேன், சக்கரம் ‘டக்’கென்று நின்றது. மாமாவுக்கு ஒரே சந்தோஷம். எனக்கு அதைவிட.

மூன்றாம் நாள் பௌர்ணமி. விடியற்காலை நாலரை மணி. கிரிவலப் பாதை முழுக்க ஜனம். மாமா பால் கேனோடு வந்துகொண்டிருக்கிறார். எதிரே பாதையைக் கடக்க ஒரு அம்மா, இடுப்பில் குழந்தை, காலில் செருப்பு இல்லை. லீவரைப் பிடித்தார். லீவர் கைப்பிடியைத் தொட்டுவிட்டது. பிரேக் இல்லை!

இடது காலால் பின் பிரேக்கை மிதித்து, வண்டியை ஓரத்து மண்ணில் இறக்கிப் படுக்கப் போட்டார். முழங்கால் சிராய்ப்பு. ஒரு கேன் பால் முழுக்கப் புழுதியில் ஓடியது. அந்த அம்மா பத்தடி தூரத்தில் நின்று “அண்ணாமலையாரே” என்று கத்தினாராம். அவ்வளவுதான், வேறொன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால் இந்தக் கட்டுரையை எழுத எனக்குக் கை வந்திருக்காது.

மாமா என்னைத் திட்டவில்லை. ஒரே வார்த்தைதான் சொன்னார். “நீ படிக்கிற புள்ளயாச்சேன்னுதானேடா வண்டிய உங்கிட்ட உட்டேன்.”

எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். அந்த வார்த்தை எனக்கு எங்கே தைத்தது என்பது நம்மில் பலருக்கு விளக்காமலேயே புரியும்.

கால் மில்லிமீட்டர்

அந்த போல்ட்டைக் கழற்றிப் பார்த்தோம். அதன் பற்களில் வெள்ளி நூல் மாதிரி அலுமினியம் சுற்றிக்கொண்டிருந்தது. அது கேலிப்பரின் மரை. மறுநாள் போல்ட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கல்லூரிக்கு வந்தேன். அளவியல் ஆய்வகத்தில் பிட்ச் கேஜ் கேட்டு வாங்கி வைத்துப் பார்த்தேன். போல்ட் 10 மி.மீ., மரை இடைவெளி 1.25 மி.மீ. கேலிப்பர் ஓட்டையில் மிச்சமிருந்த மரை 1.00 மி.மீ.

விட்டம் இரண்டுக்கும் ஒன்றுதான். ஸ்பானர் ஒன்றுதான். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. வித்தியாசம் கால் மில்லிமீட்டர். மூன்று நான்கு தலைமுடியை அடுக்கினால் வரும் கனம். அது ஒரு மரையை உடைத்து, எண்ணெயைக் கசியவிட்டு, காற்றை உள்ளே விட்டு, ஒரு மனுஷனை மண்ணில் சாய்த்துவிட்டது.

இதில் வெட்கப்பட வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அதே பிட்ச் கேஜை வைத்துத்தான் இரண்டாம் ஆண்டில் நாம் எல்லோரும் செய்முறை செய்தோம். ரெக்கார்டு நோட்டில் படம் வரைந்து, கையெழுத்து வாங்கி, மார்க்கும் வாங்கினோம். நானும் வாங்கினேன். பட்டறையில் ஸ்பானரைக் கையில் எடுத்தபோது அந்த ரெக்கார்டு நோட்டு எனக்கு ஞாபகமே வரவில்லை!

இன்னொரு வெட்கமும் உண்டு. பட்டறை அண்ணன் முதல் நாளே சொல்லிக் கொடுத்தது: “தம்பி, மரை கையாலயே கடைசி வரைக்கும் ஏறணும். ஸ்பானர் இறுக்கறதுக்குத்தான், ஏத்தறதுக்கு இல்ல.” ஆக, புத்தகமும் அதையே சொன்னது, பட்டறையும் அதையே சொன்னது. நான் இரண்டையும் கேட்கவில்லை.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டுமா?

இல்லை. உலகம் முழுக்க, பழைய வண்டி வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் இருக்கிற தலைவலி இது. இங்கிலாந்தில் டிரையம்ஃப் என்று ஒரு கம்பெனி இருந்தது. அவர்களுடைய ஹெரால்டு காரைத்தான் 1961 முதல் நம் சென்னைக்குப் பக்கத்தில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி தயாரித்தது. தாத்தாக்களைக் கேளுங்கள், ‘ஸ்டாண்டர்டு ஹெரால்டு’ என்றால் கண் விரியும். அதே ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கித்தான் 1962இல் ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். ஹெரால்டு ஆரம்பத்தில் டிரம் பிரேக்கோடு வந்தது. ஸ்பிட்ஃபயருக்கு முன்சக்கரத்தில் டிஸ்க். அண்ணன் தம்பி வண்டிகள் என்பதால், இதைக் கழற்றி அதில் போடலாமா என்ற ஆசை அன்று முதல் இன்று வரை ஓயவில்லை.

அதே கம்பெனியின் டி.ஆர். 6 என்ற ஸ்போர்ட்ஸ் கார் 1968 முதல் 1976 வரை வந்தது. அது ஓடிக்கொண்டிருந்த காலத்திலேயே இங்கிலாந்து அங்குலத்திலிருந்து மில்லிமீட்டருக்கு மாறிக்கொண்டிருந்தது. ஆகவே முந்தைய வருஷத்து கேலிப்பரில் குழாய் மரை அங்குலக் கணக்கு, பிந்தைய வருஷத்ததில் மில்லிமீட்டர் கணக்கு. பார்வைக்கு ஒரே கார்! ஒரே கேலிப்பர்!

இந்த இடத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 3/8 அங்குலம் என்பது 9.525 மி.மீ. அதில் ஒரு அங்குலத்துக்கு 24 மரை என்றால் இடைவெளி 1.058 மி.மீ. இதை 10 மி.மீ. விட்டம், 1.00 மி.மீ. இடைவெளி கொண்ட ஓட்டையில் திருகினால் என்ன ஆகும்? என்னுடைய போல்ட்டாவது இரண்டு சுற்றில் முரண்டு பிடித்து எச்சரித்தது. இது அதைவிட மோசம். கொஞ்சம் சிறியது, கிட்டத்தட்ட அதே மரை. ஆகவே லொடலொடவென்று ஏறும், இறுகுகிற மாதிரி நடிக்கும், ஆனால் பிடிப்பு இருக்காது. மாட்ட முடியாத பாகத்தால் ஆபத்து இல்லை. அது மேஜையிலேயே கிடக்கும். மாட்ட முடிகிற தப்பான பாகம்தான் எமன்.

நம்ம புல்லட்டிலேயே எத்தனை மாற்றம்!

1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்து ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா தொடங்கியது, திருவொற்றியூரில் தொழிற்சாலை வந்தது எல்லாம் நமக்குத் தெரிந்த கதை. புல்லட் என்ற பெயர் மாறவே இல்லை. ஆனால் உள்ளே எத்தனை மாற்றம் பாருங்கள். முதலில் முன்சக்கரத்தில் 6 அங்குல டிரம். பிறகு 7 அங்குல டிரம், அதில் இரட்டை லீடிங் ஷூ. 2009இல் வந்த கிளாசிக் 350இல் முன்பக்கம் 280 மி.மீ. டிஸ்க். 2021இல் வந்த புது கிளாசிக்கில் 300 மி.மீ. டிஸ்க். 125 சி.சி.க்கு மேற்பட்ட எல்லாப் புது இருசக்கர வண்டிகளுக்கும் 2019 ஏப்ரல் 1 முதல் ஏ.பி.எஸ். கட்டாயமானது.

இவற்றில் எதை எதோடு சேர்க்கலாம்? ‘புல்லட்தானே’ என்று சேர்த்தால் மாட்டிக்கொள்வோம். மூன்றே உதாரணம் சொல்கிறேன்.

ஒன்று: லீடிங் ஷூ என்பது டிரம் சுழலும் வேகத்தாலேயே தானாக டிரம்மின் மேல் இன்னும் அழுந்துகிற ஷூ. இரட்டை லீடிங் என்றால் இரண்டு ஷூவும் அப்படி. முன்னால் போகும்போது அருமையான பிடிப்பு. ஆனால் சுழற்சி தலைகீழானால் அந்த உதவி போய்விடும். மேட்டில் வண்டி பின்னால் உருளும்போது பிடிப்பு குறைவதைப் பார்த்திருப்பீர்கள். அத்தோடு, பிரேக் பிளேட் சுழலாமல் ஃபோர்க்கில் ஒரு முட்டுக்கொடுத்துத்தான் நிறுத்தியிருப்பார்கள். வேறு மாடலின் பிளேட்டைப் போட்டு அந்த முட்டு சரியாக உட்காரவில்லை என்றால், பிரேக் பிடித்த நொடியில் பிளேட்டே சக்கரத்தோடு சுற்றும். அப்புறம் சக்கரம் பூட்டிக்கொள்ளும், ஆள் பறப்பார்.

இரண்டு: மாஸ்டர் சிலிண்டர். பாஸ்கல் விதியைப் பரீட்சைக்கு மட்டும் படித்தால் போதாது. 12.7 மி.மீ. பிஸ்டனின் பரப்பு சுமார் 127 சதுர மி.மீ. 14 மி.மீ. பிஸ்டனின் பரப்பு சுமார் 154. அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தது. 127ஐ 154ஆல் வகுத்தால் 0.82. அதாவது, அதே கை, அதே கேலிப்பர், ஆனால் பிடிப்பு 18 சதவீதம் குறைவு! லீவர் மட்டும் கல் மாதிரி இருக்கும். ‘கல் மாதிரி இருக்கு, சூப்பர் பிரேக்’ என்று நான் பூரித்துப்போனேனே, அந்தக் கல்லுக்கு அர்த்தம் நல்ல பிரேக் அல்ல என்பது அப்புறம்தான் உறைத்தது.

மூன்று: கழுவுவது. எதைக் கழற்றினாலும் பெட்ரோலில் போட்டுக் கழுவுவது நம் பட்டறைப் பழக்கம். கேலிப்பர் ரப்பர் சீல் பெட்ரோலிலும் மண்ணெண்ணெயிலும் ஊறினால் வீங்கி உப்பிவிடும். அதைக் கழுவ பிரேக் ஆயில் அல்லது அதற்கென்று விற்கும் கிளீனர்தான். பிரேக் ஆயிலும் சும்மா இல்லை. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் அந்த அளவு 140 வரை இறங்கிவிடும். பழைய டப்பாவில் பாதி மிச்சமிருந்ததை ஊற்றுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வண்டியின் பாகத்தை மாற்றலாம். ஓட்டுகிறவனின் காலை மாற்ற முடியுமா? வலது கால் கியர் வண்டியை முதன்முதலில் இரவல் வாங்கி ஓட்டும் நம் வயசுப் பையன், அவசரத்தில் வலது காலைத்தான் மிதிப்பான். அங்கே இருப்பது கியர்! மாடலுக்கு மாடல் மாறுவது இரும்பு மட்டுமல்ல, பழக்கமும்தான்.

அப்படியானால் மாற்றவே கூடாதா?

‘கம்பெனி ஸ்பேர் மட்டும் போடு’ என்று சொல்வது சுலபம். சொல்கிறவருக்கு மாதச் சம்பளம் வருகிறது. பால்காரருக்கும், காய்கறி வண்டிக்காரருக்கும், ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவருக்கும் அப்படிச் சொன்னால் அவர்கள் ஒன்றும் போடாமல் தேய்ந்த ஷூவோடே ஓட்டுவார்கள். அது இன்னும் ஆபத்து. தயாரிப்பு நின்றுபோன வண்டிக்குக் கம்பெனி ஸ்பேர் எங்கிருந்து வரும்? ஆர்.எக்ஸ். 100 நின்றது 1996இல். இன்றைக்கும் நம் வாசலில் எத்தனை நிற்கிறது! ஒன்றைக் கழற்றி இன்னொன்றை வாழவைப்பதுதான் நம் ஊர்ப் பட்டறைகளின் பெருமை. அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு வண்டியை மாற்றியமைப்பதைப் பற்றியது. தயாரிப்பாளர் குறித்த அசல் விவரத்துக்கு முரணாக மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. ஆகவே பெரிய மாற்றம் என்றால் முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்வதே நல்லது. மாமாவின் வண்டிக்கு நாங்கள் கடைசியில் செய்ததும் அதுதான். டிஸ்க்கை எடுத்துவிட்டு, பழைய டிரம்மையே லேத்தில் கடைந்து, சரியான அளவு ஷூ போட்டு, புது கேபிள் மாட்டினோம். நன்றாகவே பிடிக்கிறது! முதலிலேயே இதைச் செய்திருக்கலாம். அவர் கேட்டது டிஸ்க்தான், ஆனால் அவருக்குத் தேவைப்பட்டது நிற்கிற வண்டி. இந்த வித்தியாசத்தைப் படித்தவன் நான் சொல்லியிருக்க வேண்டும்.

ஆக, என் கருத்து இது. சீட்டு மாற்று, லைட்டு மாற்று, தப்பானால் மறுபடி மாற்றிக்கொள்ளலாம். பிரேக் விஷயத்தில் மட்டும் ‘அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்’ என்ற வார்த்தை வாயில் வரக் கூடாது. மாற்றினால் முழு செட்டாக, ஒரே வண்டியிலிருந்து மாற்று. ‘எந்த வருஷ மாடல்’ என்று கேட்டு நிறுத்தாதே. வண்டி பதிவான வருஷம் ஒன்றாக இருக்கலாம். வண்டி செய்த மாதம் வேறாக இருக்கலாம். கம்பெனிகளும் வருஷத்தின் நடுவிலேயே பாகத்தை மாற்றும். டிரையம்ஃப் கார் வைத்திருப்பவர்கள் வருஷத்தை நம்புவதில்லை, வண்டியில் அடித்திருக்கும் எண்ணைப் பார்த்துத்தான் பாகம் வாங்குகிறார்கள். நாமும் சேஸிஸ் எண்ணைப் பார்ப்போம். விட்டம், மரை, பிஸ்டன் மூன்றையும் அளக்காமல் எதையும் மாட்டாதிருப்போம்.

பேரவைக்கு என் வேண்டுகோள்

முதலாவது, நம் துறையில் ஒரு அளவுப் பதிவேடு வேண்டும். பெரிய செலவில்லை, ஒரு நீள நோட்டு போதும். பட்டறையில் வேலை செய்யும் ஒவ்வொரு மாணவனும் கழற்றுகிற ஒவ்வொரு பிரேக் பாகத்தையும் அளந்து, வண்டி, சேஸிஸ் எண்ணின் ஆரம்பம், விட்டம், மரை என்று ஒரு வரி எழுதட்டும். ஐந்து வருஷத்தில் அது எந்தப் புத்தகக் கடையிலும் கிடைக்காத புத்தகமாகிவிடும்.

இரண்டாவது, கண்ணாடி அலமாரியில் தூங்குகிற பிட்ச் கேஜும் வெர்னியரும் சனி ஞாயிறுகளில் மாணவர் கையெழுத்துக்கு இரவல் கிடைக்க வேண்டும். தொலைந்துவிடும் என்ற பயம் நியாயமே. தொலைத்தவன் வாங்கித் தரட்டும்.

மூன்றாவது, கார்த்திகை தீபத்துக்கு முந்தைய வாரம், நாட்டு நலப்பணித் திட்டத்தின் மூலமாக ஒரு இலவச பிரேக் பரிசோதனை முகாம் நடத்துவோம். ஷேர் ஆட்டோ, பால் வண்டி, காய்கறி வண்டி எல்லாம் வரட்டும். 14 கிலோமீட்டர் பாதையில் லட்சக்கணக்கானவர்கள் வெறுங்காலோடு நடக்கும் ஊர் இது. இந்த ஊர் பாலிடெக்னிக் மாணவன் செய்யக்கூடிய தொண்டு இதைவிட வேறென்ன இருக்கிறது? பட்டறை அண்ணன்களையும் மரியாதையாக அழைப்போம். அவர்கள் கை நமக்குச் சொல்லித்தரும். நம் கேஜ் அவர்களுக்கு உதவும்.

என் பட்டறை அண்ணன் கல்யாணத்திலிருந்து திரும்பி வந்து, நடந்ததைக் கேட்டு, கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: “தம்பி, வண்டி ஓடலன்னா கஸ்டமர் திட்டிக்கினே திரும்பி வருவான். நிக்கலன்னா வரவே மாட்டான்.”

அந்த 10 மி.மீ. போல்ட் இன்னும் என் ஜாமென்ட்ரி பாக்ஸில் இருக்கிறது. பார்க்க வேண்டும் என்றால் கேளுங்கள், காட்டுகிறேன். மாமா இப்போதும் எங்கள் தெருவில்தான் பால் ஊற்றுகிறார். போன வாரம், “டேய், செயின் லூசா இருக்குது, வந்து பாரு” என்றார். நான் போனேன். முதலில் அளந்தேன். அப்புறம்தான் ஸ்பானரை எடுத்தேன்.

நாமும் அளப்போம் நண்பர்களே! பிறகு இறுக்குவோம்!

— மூன்றாம் ஆண்டு மாணவன், ஆட்டோமொபைல் பிரிவு